காது இருக்கிறது, கேட்பாரில்லை

(சம்மாந்துறையில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

 

அணுக்குண்டுச் சோதனைக்கும் சம்மாந்துறைக்கும் என்ன தொடர்பு என்று இந்தத் தலைப்பைப் பார்த்த ஒரு நண்பர் கேட்டார். 1998 மே மாதம் நமது தேநீர்க் கடைகளில் என்ன பேச்சு நடந்தது என்று மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். மே 11, 13 ஆகிய நாட்களில் ராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா குண்டு வெடித்தது. மே 28 அன்று பலுச்சிஸ்தானின் சாகாய் மாவட்டத்து மலைக்குள்ளே பாகிஸ்தான் வெடித்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. இந்தப் பக்கம் அப்துல் கலாம்: இராமேஸ்வரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, நம்மைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம். அந்தப் பக்கம் குண்டு வைத்திருக்கும் ஒரே முஸ்லிம் நாடு. இரண்டையும் நம்முடைய வெற்றியாக எண்ணிக் கைதட்டியவர்கள் நமக்குள்ளே இருந்தார்கள். கோபிக்க வேண்டாம், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பொக்ரானின் முதல் நாள் கதை எல்லோருக்கும் தெரியும். 1995 டிசெம்பரில் நரசிம்ம ராவ் காலத்தில் இதே இடத்தில் ஆயத்தம் நடந்தபோது அமெரிக்கச் செய்மதிகள் அதைப் படம் பிடித்துவிட்டன. அமெரிக்கத் தூதுவர் அந்தப் படங்களைக் கொண்டுபோய் டில்லியில் காட்டினார், வேலை நின்றது. 1998 இல் அதிலிருந்து பாடம் படித்திருந்தார்கள். செய்மதி தலைக்கு மேலே வராத நேரம் பார்த்து, இரவிரவாகக் கிணறுகளில் வேலை செய்தார்கள். கலாம் இராணுவ உடுப்பில் 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்' என்ற பெயரில் நடமாடினார். வெடித்த பிறகுதான் வோஷிங்டனுக்கு விஷயமே தெரியும். உலகின் மிகப் பெரிய உளவு நிறுவனம் தலைகுனிந்த நாள் அது.

நான் இன்று பேச வந்தது இரண்டாவது நாளைப் பற்றி. மே 13 அன்று இன்னும் இரண்டு சிறிய குண்டுகள் வெடித்ததாக இந்தியா அறிவித்தது. ஒன்று 0.5 கிலோதொன், மற்றது 0.3 கிலோதொன். ஒரு கிலோதொன் என்றால் ஆயிரம் தொன் ரி.என்.ரி வெடிமருந்தின் பலம்; ஹிரோஷிமாவில் போட்டது ஏறத்தாழ 15 கிலோதொன். முதல் நாள் வெடிப்பு உலகமெங்கும் உள்ள நிலநடுக்கக் கருவிகளில் பதிவானது. இரண்டாம் நாளில் எல்லைக்கு வெளியே ஒரு கருவியும் அசையவில்லை. பாகிஸ்தானின் நிலோரில், பொக்ரானிலிருந்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் தொலைவில், மிக நுட்பமான ஒரு நிலையம் இருந்தது. அதிலும் ஒன்றுமில்லை. மணல்மேட்டுக்குள் வெடித்ததால் அதிர்வு அமுங்கிப்போயிருக்கலாம் என்றார்கள் சிலர். சொன்ன அளவுக்கு வெடிக்கவில்லை என்றார்கள் வேறு சிலர்.

முதல் நாள் கதையிலும் முடிச்சு அவிழவில்லை. இந்தியா சொன்ன கணக்கு 45, 15, 0.2 கிலோதொன் என மூன்று வெடிப்புகள். வெளிநாட்டு நிலநடுக்க ஆய்வாளர் பலர் போட்ட கணக்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. பதினொரு ஆண்டு கழித்து, 2009 ஓகஸ்டில், பொக்ரான் களத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் பொறுப்பாக நின்ற கே. சந்தானம், முதல் நாள் வெடித்த ஐதரசன் குண்டு எதிர்பார்த்த பலத்தில் வெடிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அணுசக்தித் துறைத் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் மறுத்தார். கலாமும் மறுத்தார். மூவரும் தமிழ் பேசுபவர்கள், ஒரே வேலையைச் சேர்ந்து செய்தவர்கள், ஒரே குழிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். வெடித்தவர்களுக்கே என்ன வெடித்தது என்பதில் ஒற்றுமை இல்லாதபோது, வெளியே இருந்து அளக்கப் போகிறவனின் பாடு எப்படி இருக்கும்?

அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையை எதிர்ப்பவர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் இந்த மே 13தான். அடுத்த ஆயுதம் பழையது: அமெரிக்கா 1964 இல் மிசிசிப்பியில் ஓர் உப்புப் பாறைக்குள் 5.3 கிலோதொன் குண்டொன்றை வெடித்தது. அது குடைந்த பொந்துக்குள்ளேயே 1966 இல் 0.38 கிலோதொன் வெடித்துப் பார்த்தார்கள். வெற்றிடத்துக்குள் வெடித்ததால் அதிர்வு ஏறத்தாழ எழுபது மடங்கு குறைந்தது. 'பார்த்தீர்களா, களவாய் வெடிக்கலாம், ஆகவே உடன்படிக்கை வீண்' என்பது அவர்களுடைய வாதம்.

இந்த வாதத்தைத் தூக்கிப்போட முடியாது. ஆனால் அதை எடைபோட, கேட்கிற காது எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். 1996 இல் உருவான முழுமையான அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை தனக்கென ஒரு கண்காணிப்பு வலையமைப்பை வகுத்துக்கொண்டது. 321 நிலையங்கள், 16 ஆய்வுகூடங்கள். அவற்றுள் 170 பூமியதிர்ச்சியைக் கேட்பவை. 11 கடலுக்கடியில் ஒலி கேட்பவை. 60 மனிதக் காதுக்கு எட்டாத தாழொலியைக் காற்றில் பிடிப்பவை. 80 காற்றில் கதிரியக்கத் தூசியைத் தேடுபவை. எல்லாத் தரவும் வியன்னாவுக்குப் போகிறது. துணை நிலநடுக்க நிலையங்களின் பட்டியலில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

இந்தக் காதின் கூர்மைக்கு வடகொரியா சாட்சி. 2006 ஒக்டோபர் 9 அன்று அது செய்த முதற் சோதனை ஒரு கிலோதொன்னுக்கும் குறைவு. அன்றே பிடிபட்டது. இரண்டு வாரம் கழித்துக் கனடாவின் வடக்கே யெலோநைஃப் நகரத்து நிலையத்தில் கதிரியக்கச் செனன் வாயு அகப்பட்டது. 2013 சோதனையின் செனன் ஐம்பத்தைந்து நாள் கழித்து ஜப்பானில் அகப்பட்டது. இடையில் 2009 இல் ஒரு துளி வாயுவும் வெளியே வரவில்லை. அவ்வளவு இறுக்கமாக மலையை அடைத்திருந்தார்கள். அதிர்வு மட்டும் தப்பவில்லை. காது சில வேளை தடுமாறுவதும் உண்டு. 1997 ஓகஸ்டில் காரா கடலில் ஓர் அதிர்வு பதிவானதும் ரஷ்யா களவாய் வெடித்துவிட்டது என்று வோஷிங்டனில் கூச்சல் எழுந்தது. ஆராய்ந்து பார்த்தால் அது கடலுக்கடியில் நேர்ந்த சாதாரண பூமியதிர்ச்சி.

இந்த இடத்தில் நம்முடைய கதை ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்ததை இந்த வலையமைப்பின் கருவிகள் கேட்டன. டியேகோ கார்சியாவுக்கு அருகே கடலுக்குள் இருந்த ஒலிவாங்கிகள், பிளவு தெற்கிலிருந்து வடக்கே ஓடியதையே பதிவு செய்தன. கண்டிக்கருகே பல்லேகலையில் இருந்த நிலநடுக்க நிலையமும் பதிவு செய்தது. அலை நமது கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வரிசையாக அள்ளிக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மௌத்தானார்கள். மிஞ்சியவர்கள் நனைந்த உடுப்போடு இந்த ஊருக்குத்தான் ஓடி வந்தார்கள். அந்தத் தரவுகளை எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு அன்றைக்கு வியன்னாவில் இருக்கவில்லை. அவை குண்டைப் பிடிப்பதற்கென்று மட்டும் ஒதுக்கப்பட்டவை. சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்கு அவற்றைக் கொடுக்கும் முடிவு பிறகு, 2006 இல் எடுக்கப்பட்டது. கேட்பது வேறு, கேட்டதை வைத்து ஏதாவது செய்வது வேறு என்பதற்கு நம் கடற்கரையை விடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

செய்வது என்ற பகுதிக்கு வருவோம். ஒருவன் வெடித்துவிட்டான் என்று சந்தேகம். உடன்படிக்கை என்ன சொல்கிறது? உறுப்பு நாடு ஒன்று நேரடி ஆய்வு கேட்கலாம். 51 நாடுகள் கொண்ட நிறைவேற்றுச் சபையில் 30 நாடுகள் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தால் ஆயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேற்படாத பரப்பில் ஆய்வாளர்கள் இறங்கித் தோண்டலாம், மோப்பம் பிடிக்கலாம். பொக்ரான் போன்ற ஐயத்தைத் தீர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஜோர்தானில் சாக்கடல் ஓரத்தில் 2014 இல் முழு அளவில் ஒத்திகையும் பார்த்தார்கள்.

ஆனால் இன்று வரை அந்தச் சபை கூடியதில்லை, ஏனென்றால் உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதன் 14 ஆம் உறுப்புரையில் ஒரு பூட்டு இருக்கிறது. அணு உலை வைத்திருக்கும் 44 நாடுகளின் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. அந்த 44 உம் ஏற்புறுதி செய்தால்தான் சட்டம் உயிர் பெறும். ஒன்று குறைந்தாலும் பூட்டு திறக்காது. இந்தியா, பாகிஸ்தான், வடகொரியா கைச்சாத்திடவே இல்லை. ஐக்கிய அமெரிக்கா, சீனா, எகிப்து, ஈரான், இஸ்ரேல் கைச்சாத்திட்டுவிட்டு ஏற்புறுதி செய்யவில்லை. ஏற்புறுதி செய்திருந்த ரஷ்யா 2023 நவம்பரில் அதை மீளப் பெற்றது. மொத்தம் ஒன்பது. இந்தப் பட்டியலில் நம்முடைய ஆட்களும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதை இந்தச் சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும். இஸ்ரேல் இருக்கும்வரை எகிப்தும் ஈரானும் அசையா என்ற நியாயம் எனக்குத் தெரியும். அதே நியாயத்தை டில்லியைக் காட்டி இஸ்லாமாபாத்தும் சொல்கிறது, பெய்ஜிங்கைக் காட்டி டில்லியும் சொல்கிறது. இதற்கு முடிவே இராது.

பூட்டை யார் செய்தது என்று பாருங்கள். இந்தியாவை உள்ளே இழுக்காமல் விடமாட்டோம் என்று பிரித்தானியா, ரஷ்யா, சீனா ஆகியவை பிடிவாதமாக நின்றன. 1996 ஜூனில் ஜெனீவாவில் இந்தியத் தூதுவர் அருந்ததி கோஷ், குண்டு வைத்திருப்பவர்கள் குண்டைக் கைவிடும் காலக்கெடு இல்லாத இந்த உடன்படிக்கையில் எங்களால் சேர முடியாது என்று அறிவித்தார். ஜெனீவாவில் ஒரு நாடு மறுத்தாலும் முடிவில்லை. ஆகவே அவுஸ்திரேலியா அதை நியூயோர்க்குக்குத் தூக்கிப்போய், செப்டெம்பர் 10 அன்று பொதுச்சபையில் 158 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை மூன்று: இந்தியா, பூட்டான், லிபியா. வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவனின் சம்மதத்தைச் சட்டத்தின் நிபந்தனையாக எழுதியவர்கள் சட்டம் வர விரும்பினார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. இந்தியாவின் வாதத்தில் உண்மை இருந்தது. இரண்டு வருடத்துக்குள் பொக்ரானில் வெடித்ததும் அந்த உண்மையின் பாதி தூசியாகப் பறந்தது.

இந்தக் கதையில் இலங்கையரின் கையும் உண்டு. 1995 இல் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜயந்த தனபால. அந்த நீடிப்புக்கு ஈடாகப் பெற்ற வாக்குறுதிகளுள் ஒன்று, 1996 க்குள் சோதனைத் தடையை முடித்துத் தருவோம் என்பது. அவர் 2023 மே மாதம் காலமானார். இலங்கை 1996 இலேயே கைச்சாத்திட்டிருந்தும் ஏற்புறுதி செய்தது 2023 ஜூலையில். இருபத்தாறு வருடத்துக்கு மேல்! சோம்பலுக்கு நம் நாட்டை வெல்ல ஆளில்லை.

தண்டனைக்கு வருவோம். இதை நம்மூர் விவசாயிகளுக்கு விளக்குவது சுலபம். போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள், மாடு கட்டும் நாள் எல்லாம் தீர்மானமாகிறது. எல்லோரும் கை உயர்த்துகிறார்கள். இரவில் ஒருவன் வாய்க்கால் வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினால், விடியற்காலை வாய்க்கால் பார்க்கும் வட்டவிதானைக்குத் தெரிந்துவிடும். வெட்டியவன் அரை ஏக்கர்க்காரன் என்றால் குற்றப்பணம் கட்டுவான். வெட்டியவர் ஐம்பது ஏக்கர் போடியார் என்றால்? வட்டவிதானை பார்த்தும் பாராமல் போவார்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 1998 ஜூன் 6 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1172 ஆம் இலக்கத் தீர்மானத்தில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் கண்டித்தது. இரண்டும் உடன்படிக்கையில் சேராத நாடுகள். ஆகவே எந்தச் சட்டத்தையும் மீறியதாகச் சொல்ல முடியாது. அமெரிக்கா தன் சொந்தச் சட்டப்படி பொருளாதாரத் தடை போட்டது. 2001 செப்டெம்பர் 11 வந்தது. ஆப்கானிஸ்தானுக்குப் போக வழி வேண்டும். அந்த மாதம் முடிவதற்குள் இரு நாடுகள் மீதும் இருந்த அந்தத் தடைகள் நீங்கின. 2008 செப்டெம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கென்று விசேட விலக்கே கொடுத்து யுரேனியம் வாங்க வழி திறந்தது. வடகொரியாவுக்கோ 2006 முதல் தடைமேல் தடை. அதை இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நிபுணர் குழுவின் ஆயுளை 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டு முடித்தது. அந்த நேரம் ரஷ்யாவுக்கு வடகொரியாவின் பீரங்கிக் குண்டுகள் தேவைப்பட்டன. வெடித்தது யார் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இல்லை. அவனைத் தண்டிப்பதால் யாருக்கு என்ன நட்டம் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

இந்தக் குணம் பழையது. 1954 மார்ச் 1 அன்று பிகினியில் அமெரிக்கா வெடித்த 15 மெகாதொன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 பேர் மீது விழுந்தது. அடுத்த மாதம் நேரு சோதனைகளை நிறுத்தச் சொன்னார். அந்த ஏப்ரலில் சேர் ஜோன் கொத்தலாவல கூட்டிய கொழும்பு மாநாட்டில் ஐந்து ஆசியப் பிரதமர்களும் ஐதரசன் குண்டுப் பிரச்சினையைப் பேசினார்கள். ஒன்பது வருடம் கழித்து, 1963 ஓகஸ்டில் மொஸ்கோவில், காற்றிலும் கடலிலும் விண்ணிலும் வெடிப்பதில்லை என்று மூன்று வல்லரசுகள் கைச்சாத்திட்டன. நிலத்துக்கடியில் வெடிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அதில் கண்காணிப்பு அமைப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. 1979 செப்டெம்பர் 22 அன்று தென் அத்லாந்திக் பக்கம் அமெரிக்காவின் வேலா செய்மதி இரட்டை ஒளிக்கீற்று ஒன்றைக் கண்டது. அணுக்குண்டின் கைநாட்டு அது. இஸ்ரேலும் தென்னாபிரிக்காவும் சேர்ந்து செய்தது என்ற சந்தேகம் உடனே எழுந்தது. வெள்ளை மாளிகை நியமித்த விஞ்ஞானிகள் குழு, அது அனேகமாக அணுவெடிப்பாக இராது என்று எழுதிக் கொடுத்தது. இன்றும் பல ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. கேட்கத் துணிந்தால் நண்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டி வரும்.

நீதிமன்றம்? 1973 இல் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பிரான்ஸின் பசிபிக் சோதனைகளுக்கெதிராக ஹேக்கில் வழக்குப் போட்டன. நிறுத்து என்று இடைக்காலக் கட்டளை பிறந்தது. பிரான்ஸ் நீதிமன்றத்துக்கே வரவில்லை. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வெடித்தது. 1995 இல் நியூசிலாந்து மீண்டும் போனபோது 12 க்கு 3 என்று வழக்குத் தள்ளுபடி. அந்த மூவரில் ஒருவர் நம் நாட்டு நீதியரசர் சி.ஜி. வீரமந்திரி. அடுத்த ஆண்டு அணுவாயுதங்கள் பற்றிய ஆலோசனைக் கருத்தில், எந்தச் சூழ்நிலையிலும் அவற்றைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் அவரே. இஸ்லாமியச் சட்டம் பற்றி முழு நூல் எழுதிய சிங்களவர் அவர். போரில் வரம்பு மீறக் கூடாது என்பது மேற்குலகம் கண்டுபிடித்த விதி என்று எண்ணுகிறவர்கள் அந்த மாறுபட்ட தீர்ப்பை எடுத்துப் படிக்கட்டும். இஸ்லாம், இந்து, பௌத்த மரபுகள் அதில் சாட்சிகளாக வந்து நிற்கின்றன. நமது பாடசாலைகளில் அவர் பெயர் தெரியாமல் பிள்ளைகள் சட்டம் படிக்கப் போவது எனக்கு வருத்தம்.

அப்படியானால் சோதனைகளை நிறுத்தியது எது? பிரான்ஸ் 1996 ஜனவரியில் அந்தச் சோதனை வரிசையின் ஆறாவது வெடிப்போடு நிறுத்திக்கொண்டு, களத்தையே பிரித்தெறிந்து, 1998 இல் ஏற்புறுதி செய்தது. வழக்குத் தோற்ற பிறகு நடந்தது இது. பசிபிக் தீவுகளின் கலகமும், பிரெஞ்சு வைனை வாங்க மறுத்த ஊர்களும் அதற்குக் கணக்கில் வர வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது கசாக்ஸ்தான் கதை. முஸ்லிம்கள் வாழும் மண்ணில் வல்லரசுகள் எத்தனை குண்டு வெடித்திருக்கின்றன என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? பிரான்ஸ் அல்ஜீரியச் சஹாராவில் 17; சுதந்திரம் கொடுத்த பிறகும் 1966 வரை விடவில்லை. சீனா உய்குர் மக்களின் லொப் நூரில் 45. சோவியத் யூனியன் கசாக் புல்வெளியின் செமிபலதின்ஸ்கில் 456. நாற்பது ஆண்டுகள், ஆடு மேய்க்கும் ஊர்களுக்குப் பக்கத்தில்! 1989 பெப்ரவரியில் அங்கே நிலத்துக்கடியில் நடந்த வெடிப்பொன்றிலிருந்து கதிரியக்க வாயு கசிந்தது. கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமெனொவ் அப்போது தேர்தல் வேட்பாளர். தொலைக்காட்சியில் பேச நேரம் கிடைத்திருந்தது. கவிதை படிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கசிவைப் பற்றிப் பேசி, மக்களைக் கூடச் சொன்னார். பெப்ரவரி 28 அன்று அல்மா அத்தாவில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். சுரங்கத் தொழிலாளர் சேர்ந்தார்கள், அமெரிக்காவின் நெவாடா சோதனைக்களத்தால் பாதிக்கப்பட்டவர்களோடு கைகோத்தார்கள். சோவியத் நாட்டில் நடந்தது இது என்பதை மறக்க வேண்டாம். அந்த ஆண்டில் திட்டமிட்ட பல வெடிப்புகள் கைவிடப்பட்டன. 1991 ஓகஸ்ட் 29 அன்று களம் மூடப்பட்டது. அந்தத் தேதியையே ஐ.நா. பின்னர் அணுச்சோதனைகளுக்கு எதிரான சர்வதேச தினமாக்கியது.

தம்பிமார் கேட்பீர்கள்: இப்போது என்ன நிலை? 1996 க்குப் பிறகு வெளிப்படையாக வெடித்தவை மூன்று நாடுகள்தான்; 2017 க்குப் பிறகு ஒருவரும் வெடிக்கவில்லை. சட்டமாகாத ஓர் உடன்படிக்கைக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் 2025 ஒக்டோபர் இறுதியில் மற்ற நாடுகளுக்குச் சமமாக நாங்களும் சோதனையைத் தொடங்குவோம் என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் அறிவித்தார். முழு வெடிப்பு நடக்காது என்று அவருடைய எரிசக்தி அமைச்சர் சொல்லி ஆற்ற வேண்டியிருந்தது. ரஷ்யாவும் தன் பங்குக்கு ஆயத்த யோசனைகளைக் கேட்டது. நெவாடாவோ ரஷ்யாவின் நொவாயா செம்லியாவோ ஒன்று அதிர்ந்தால் அது வியன்னாவில் நிமிடங்களில் தெரியும். அதன் பிறகு பொக்ரானிலும் சாகாயிலும் அடுத்த வெடிப்புக்கு யார் தடை சொல்வார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. சாகாய்க் குண்டுக்குக் கைதட்டிய காக்காமாரும் கலாமுக்குக் கைதட்டிய காக்காமாரும் அதை யோசித்துச் சொல்லட்டும்.

மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் முன்னுக்கு வாருங்கள், ஒலிவாங்கி ஒன்றுதான்.